ஆளுநரை ஆக்குவது கட்சிக் கொடியா, வாக்காளர் கூட்டணியா? – ‘கூட்டணியே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பரே, இந்தக் குளிரிலும் பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் வர்ஜீனியாத் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

நண்பர் மேசையைத் தட்டி ஒன்று சொன்னார். “கென்டக்கியில் ஒரு கழுதையை நிறுத்தினாலும், அதன் கழுத்தில் குடியரசுக் கட்சிக் கொடி இருந்தால் ஜெயித்துவிடும்” என்றார். 2019இல் அங்கே கழுதைதான் ஐயா ஜெயித்தது! ஆனால் அது ஜனநாயகக் கட்சியின் கழுதை. அந்தக் கட்சியின் சின்னமே அதுதான்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்களுக்காக ஒரு வார்த்தை. நம் ஊரில் ஆளுநரை டெல்லி அனுப்பி வைக்கிறது. இங்கே அவர் மாநிலம் முழுக்க ஓட்டுக் கேட்டு ஜெயித்து வர வேண்டும். வேலையில் நம் முதலமைச்சர் மாதிரி. நாங்கள் கூட்டணி என்பது, தலைவர்கள் சால்வை போர்த்திக்கொண்டு தொகுதி பிரிப்பதை அல்ல. ஒருவர் வீட்டில் ஒருவர் காபி குடிக்காத மனிதர்கள், ஒரே ஆளுக்கு ஓட்டுப் போடுவதை.

கென்டக்கிக்கு வருவோம். 2016இல் டிரம்ப் அங்கே ஏறத்தாழ 30 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார். மூன்றே வருடத்தில் அவர் கட்சி ஆளுநர் மேட் பெவின் வீட்டுக்குப் போனார். என்ன செய்தார்? ஆசிரியர்களின் ஓய்வூதியத்தில் கை வைத்தார். அவர்கள் தலைநகரில் திரண்டபோது, வீட்டில் தனியாக விடப்பட்ட பிள்ளைகளுக்கு நேரும் கொடுமைக்கு அவர்களே பொறுப்பு என்கிற மாதிரி பேசினார். பிறகு மன்னிப்பும் கேட்டார். வாத்தியார் சாபம் சும்மா விடுமா? கிழக்கு மலையில் நிலக்கரி ஊர்க்காரர்கள், லூயிவில் நகரத்துக் கறுப்பின மக்கள், சின்சினாட்டிக்கு எதிர்க்கரையில் இருக்கும் புறநகர்க்காரர்கள்... மூன்று பேருக்கும் வேறெதிலும் ஒத்துப்போகாது. இவர்களில் போதுமான பேர் சேர்ந்து ஆண்டி பெஷியரை ஐயாயிரத்துச் சொச்சம் ஓட்டில் கரையேற்றினார்கள். அதே நாள், அதே வாக்குச்சீட்டில், மாநில அளவிலான மற்ற ஐந்து பதவிகளும் குடியரசுக் கட்சிக்குப் போயின. கொடிதான் எல்லாம் என்றால் ஆறாவது மட்டும் எப்படி நழுவியது?

“பெவின் வாயால் கெட்டார், அது விபத்து” என்பார்கள். 2023இல் பெவின் இல்லையே! பெஷியர் மறுபடியும் வென்றார், இன்னும் கூடுதல் வித்தியாசத்தில். முந்தைய ஆண்டு பெருவெள்ளம் பார்த்த லெட்சர் கவுன்டியும் (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) இந்த முறை அவர் பக்கம் வந்தது. மற்ற ஐந்து பதவிகள்? மறுபடியும் குடியரசுக் கட்சிக்கே.

இப்போது எனக்குப் பிடித்த தேர்தல். 1991, லூசியானா. அங்கே எல்லா வேட்பாளர்களும் ஒரே களத்தில் மோத வேண்டும். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதல் இருவர் இறுதிச் சுற்றுக்கு. பதவியில் இருந்த ஆளுநர் பட்டி ரோமர் மூன்றாவதாக வந்து வெளியேறினார். மிஞ்சியது யார்? ஒருவர் ஜனநாயகக் கட்சியின் எட்வின் எட்வர்ட்ஸ்: ஏற்கெனவே மூன்று முறை ஆளுநர், ஊழல் வழக்கில் கூண்டேறித் தப்பியவர். இன்னொருவர் டேவிட் டியூக்: வெள்ளை இனவெறிக் கும்பலான கூ கிளக்ஸ் கிளானின் முன்னாள் தலைவர். ஒரு வாக்காளருக்கு இதைவிடச் சோதனை வேண்டுமா?

கார்களின் பின்னால் ஒரு வாசகம் ஒட்டினார்கள்: “திருடனுக்கே ஓட்டுப் போடுங்கள், இது முக்கியம்.” கறுப்பின மக்கள் அலை அலையாய் வந்தார்கள். டியூக் ஜெயித்தால் நியூ ஆர்லியன்ஸுக்கு மாநாடும் வராது, சுற்றுலாவும் வராது என்று கணக்குப் போட்ட வியாபாரிகள் வந்தார்கள். எட்வர்ட்ஸைப் பார்த்தாலே முகம் சுளித்த நடுத்தர வெள்ளையர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ரோமரே தன் பழைய எதிரிக்கு ஆதரவு சொன்னார். வெள்ளையர் வாக்கில் பாதிக்கு மேல் டியூக்குக்குத்தான் விழுந்தது. அப்படியும் எட்வர்ட்ஸ் 61 சதவீதம் வாங்கினார். டியூக் நின்றது குடியரசுக் கட்சிக்காரராக. அந்தக் கட்சியின் ஜனாதிபதி மூத்த புஷ்ஷே அவரைக் கைகழுவினார். எந்தக் கொடி யாரைக் காப்பாற்றியது, சொல்லுங்கள். (எட்வர்ட்ஸ் பின்னாளில் ஊழல் வழக்கில் உள்ளே போனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டியவர்கள் பொய் ஒட்டவில்லை.)

இனி உங்களையே சாட்சிக்கு அழைக்கிறேன். 2020இல் நம் வர்ஜீனியாவில் பைடன் 10 புள்ளியில் ஜெயித்தார். அடுத்த வருடமே ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் கிளென் யங்கின் ஜெயித்தார். டிரம்பைத் தன் மேடைக்கு வரவழைக்கவும் இல்லை, வாய்திறந்து பகைக்கவும் இல்லை. பெருந்தொற்றில் பள்ளி மூடிக்கிடந்த கோபத்தில் இருந்த பெற்றோரிடம், பள்ளி என்ன கற்பிக்க வேண்டும் என்று பெற்றோர் சொல்லக் கூடாது என்று ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டெரி மெக்காலிஃப் விவாத மேடையில் வாய்விட்டார். நம்மவர் நிறைந்த லவுடன் கவுன்டியில் பைடன் 25 புள்ளி முன்னிலை, மெக்காலிஃபுக்கு 11. யங்கின் லவுடனை ஜெயிக்கவில்லை, ஜெயிக்கத் தேவையும் இல்லை! அங்கே தோல்வியைச் சுருக்கினார், தென்மேற்கு மலை ஊர்களில் ஓட்டைக் குவித்தார். கணக்கு முடிந்தது. “2025இல் ஜனநாயகக் கட்சியின் ஸ்பான்பெர்கர் வாரிச் சுருட்டினாரே” என்கிறார் நண்பர். நான்கே வருடத்தில் இப்படிப் புரளும் ஊரில் கொடியின் பிடி எவ்வளவு என்று அவரே சொல்லட்டும்.

எதிரணியின் கெட்டியான ஆயுதம் லேரி ஹோகன். ஒப்புக்கொள்கிறேன். ஜனநாயகக் கட்சியின் கோட்டையான மேரிலாந்தில் இரண்டு முறை ஆளுநராக ஜெயித்த குடியரசுக் கட்சிக்காரர், 2024இல் வாஷிங்டனில் இருக்கும் மேலவையான செனட்டுக்கு நின்று தோற்றார். டென்னசியில் ஜனநாயகக் கட்சியின் பில் பிரெடசன் 2006 ஆளுநர் தேர்தலில் 95 கவுன்டிகளையும் அள்ளியவர். 2018 செனட் தேர்தலில் அவருக்கும் அதே கதி. அதே ஆள், அதே மாநிலம். வாஷிங்டனில் யார் கை ஓங்க வேண்டும் என்று கேட்டால் மக்கள் கொடியைப் பார்க்கிறார்கள். என் பள்ளிக்கூடம், என் சாலை, என் ஆஸ்பத்திரி என்று வந்தால் ஆளைப் பார்க்கிறார்கள். இன்றைய தலைப்பு செனட் அல்லவே, நடுவர் அவர்களே!

மணியில் உங்கள் கை போகிறது, தெரிகிறது. 2024 நவம்பர், வெர்மான்ட். நம் துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸுக்கு 60 சதவீதத்துக்கு மேல். ஆளுநர் பதவிக்கு, அதே சீட்டில், குடியரசுக் கட்சியின் ஃபில் ஸ்காட்டுக்கு 70 சதவீதத்துக்கு மேல். இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்ட அந்த வெர்மான்ட்காரர் கையில் என்ன கொடி இருந்தது என்பதை அடுத்துப் பேசவரும் எதிரணிச் சகோதரி விளக்கட்டும். நன்றி, வணக்கம்.