கர்னலுக்குள் ஒரு ‘ர்’

வணக்கம் நேயர்களே. இராணுவத்தில் வழங்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதில் தொடங்குவது என்று எனக்குக் குழப்பமே இல்லை, கர்னல்தான். பள்ளியில் சொல்வதெழுதலில் ஆசிரியர் இந்தச் சொல்லைச் சொன்னார், காதில் விழுந்தபடி ‘ர்’ போட்டு எழுதினேன், சிவப்பு மையில் சுழித்துவிட்டார். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தால் கொலொனெல் என்றுதான் வரும், அதில் ‘ர்’ கிடையவே கிடையாது. அப்படியானால் வாயில் வரும் அந்த ‘ர்’ எங்கிருந்து வந்தது? அன்றைக்குப் பிடித்த கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

இத்தாலிய மொழியில் கொலொன்னா என்றால் தூண். தூண் மாதிரி நீளமாக அணிவகுத்துப் போகும் படைக்குத் தலைவர் கொலொன்னெல்லோ. சரி, இது பிரெஞ்சுக்குப் போனபோது ஒரே சொல்லில் ‘ல’ திரும்பத் திரும்ப வருவது நாக்குக்குச் சிரமமாகிவிட்டது, முதல் ‘ல’வை ‘ர’ ஆக்கிக் கொரொனெல் என்றார்கள். நம் பேச்சிலும் குதிரை ‘குருதை’ ஆகிறதே, நாக்கு தன் வசதியைப் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலேயர்கள் 16ஆம் நூற்றாண்டில் வாங்கிக்கொண்டது இந்த ‘ர’ உள்ள வடிவத்தைத்தான். அப்புறம் அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், இத்தாலியப் போர்க்கலை நூல்களைப் படித்தவர்கள், மூலத்தில் ‘ல’ அல்லவா இருக்கிறது என்று எழுத்தைத் திருத்தினார்கள். எழுத்து மாறியது, வாய் மாறவில்லை. தமிழில் நாம் கர்னல் என்று எழுதும்போது, ஆங்கில எழுத்தில் தொலைந்த அந்தப் பழைய ‘ர்’ கண்ணெதிரே நிற்கிறது பாருங்கள், எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

குதிரை என்றேன் அல்லவா, மார்ஷல் என்ற சொல்லுக்குள்ளும் குதிரைதான் இருக்கிறது. பழைய ஜெர்மானிய மொழியில் அது குதிரையைப் பராமரிக்கும் பணியாளைக் குறித்தது. லாயத்தில் தொடங்கிய சொல், பிரிட்டிஷ் தரைப்படையின் மிக உயர்ந்த பதவியான பீல்டு மார்ஷல் வரை ஏறிப் போயிருக்கிறது.

சோல்ஜர் என்பதில் இருப்பது காசு. சாலிடஸ் என்பது 4ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வெளியிட்ட தங்க நாணயம், அந்தப் பெயரிலிருந்து படைவீரரின் சம்பளத்துக்கு ஒரு சொல் பிறந்தது, சம்பளம் வாங்குகிறவர் சோல்ஜர் ஆனார். நாம் செஞ்சோற்றுக்கடன் என்போம், அங்கே காசு, இங்கே சோறு. சோறு என்றதும் இன்னொன்று, படைப்பிரிவைக் கம்பெனி என்கிறார்களே, லத்தீனில் அதன் வேர் ‘ஒன்றாக ரொட்டி தின்பவர்கள்’.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கிரனேடு, அதாவது கையெறிகுண்டு, அந்தச் சொல் பிரெஞ்சில் மாதுளம்பழம், உள்ளே விதைபோல நிறைந்த வெடிமருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். டாங்க், முதல் உலகப் போரில், 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் முதன்முதலில் இறங்கியது, அதுவரை ரகசியம் கசியாமலிருக்க அதைத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி வைத்திருந்தார்கள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. லெப்டினன்டை இன்றைக்குத் தொடவே முடியவில்லை. வணக்கம்.