காட்பாடியில் இறங்குபவர் கேட்கும் கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

காட்பாடி ஜங்ஷனில் விடியற்காலை கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ பெட்டி படுக்கையோடும் கையில் மருத்துவ ஃபைலோடும், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகக் குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். இறங்கியதும் செல்போனை எடுத்து, தங்க இடம் தேடுவார்கள். நான் வேலூரில் சின்னக் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் இணையதளம் செய்து தருகிறவன், யாருக்குச் செய்தாலும் என் கண் முன்னால் நிற்பது அந்த மனிதர்தான்.

ஒரு லாட்ஜ் உரிமையாளர் வந்தார். கட்டடத்தின் பெரிய படம் சுழல வேண்டும், 'அன்புடன் வரவேற்கிறோம்' என்ற வரி மேலே ஓட வேண்டும் என்றார். சரி, அது இருக்கட்டும், முதலில் போன் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள், ஒரு வாரம் யார் என்ன கேட்டாலும் அப்படியே எழுதுங்கள் என்றேன். எழுதிக்கொண்டு வந்தார். அறையில் சமைக்கலாமா, அடுப்பும் பாத்திரமும் தருவீர்களா, லிஃப்ட் உண்டா, அப்பாவால் படி ஏற முடியாது, சி.எம்.சி.க்கு நடந்தே போய்விடலாமா, ஒரு மாதம் தங்கினால் வாடகை குறையுமா, வங்கதேசத்து பாஸ்போர்ட்டுக்கு அறை கொடுப்பீர்களா. கட்டடம் எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை!

அந்த நோட்டைத்தான் இணையதளமாக்கினோம். ஒவ்வொரு கேள்விக்கும் நேரான ஒரு பதில், வாடகை எவ்வளவு என்பதும் மறைக்காமல். தமிழ், ஆங்கிலத்தோடு இந்தியும் வங்காளமும் போட்டோம். வங்காளத்தை அந்த மொழி பேசுகிற ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்த்தோம், ஏனென்றால் இயந்திர மொழிபெயர்ப்பு 'வாடகை முன்பணம்' மாதிரி இடங்களில் கவிழ்த்துவிடும். காந்தி ரோட்டில் கடைப் பலகையிலேயே வங்காள எழுத்து இருக்கும்போது இணையதளத்தில் மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

அப்புறம் எடை. இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே மூன்று நான்கு எம்பி இருக்கும், அப்படிப் பத்துப் படத்தை அப்படியே ஏற்றிவிட்டால் சிக்னல் விட்டுவிட்டு வருகிற இடத்தில் பக்கம் திறக்கவே திறக்காது. அளவைச் சுருக்கி 200 கேபிக்குள் கொண்டுவந்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. நம் ஆட்கள் வேறொன்றும் செய்வார்கள், விலைப்பட்டியலைப் படமாகப் பிடித்துப் போட்டுவிடுவார்கள். பார்வையில்லாதவரின் போன் அதை வாசித்துக் காட்டத் திணறும், தேடினாலும் எளிதில் அகப்படாது. எழுத்தாகவே அடியுங்கள், அதுவும் எல்லா போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அச்சகத்துக்கு அடித்ததை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். தொலைபேசி எண்ணும் அப்படித்தான், தொட்டால் அழைப்பு போக வேண்டும்.

முகவரி விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 1989-இல் வடஆற்காடு மாவட்டம் இரண்டானது, 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டம். ஆனால் அங்கிருக்கும் எத்தனையோ கடைகளின் இணையப் பக்கத்தில் இன்னமும் வேலூர் மாவட்டம் என்றே கிடக்கிறது, பார்சல் அனுப்புகிறவர் குழம்பிப் போகிறார். முகவரியைத் திருத்துகிற அதே நாளில் கூகுள் மேப்பிலும் கடையைச் சரியான இடத்தில் பதிந்துவிடுங்கள், அதற்குக் காசு கிடையாது. சொல்லப்போனால், சின்ன டிபன் கடைக்கு அது மட்டுமே போதும். வேலை நேரமும் நான்கு படமும் அதிலேயே போடலாம், தனி இணையதளம் வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இணையதளம் வைப்பவர்கள் டொமைன் பெயரை, அதாவது இணையதள முகவரியை, உங்கள் பெயரிலேயே, உங்கள் மெயிலிலேயே பதியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்துக்கு அதைச் செய்து கொடுத்தவர் தன் பெயரில் பதிந்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். வருடக் கட்டணம் கட்ட ஆளில்லாமல் பெயர் காலாவதியாகி, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். பல வருடம் அச்சடித்த நோட்டீஸ் எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான் இருந்தது. கட்டியிருக்க வேண்டிய தொகை வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம், அவ்வளவுதான். கேட்டபோது எனக்கு மனசே ஆறவில்லை.

ரத்ததானக் குழு, நூலகம், நெசவாளர் சங்கம் நடத்துகிறவர்களிடம் ஒன்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். நிர்வாகிகளின் படங்களும் பொன்னாடை போர்த்திய விழாக்களும் உள்ளே எங்காவது இருக்கட்டும். முகப்பில், ராத்திரி பதினொரு மணிக்கு ரத்தம் வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவது என்பது இருக்க வேண்டும், பெரிய எழுத்தில், இன்றைக்கு எடுக்கிற எண்ணாக. இன்று வீட்டுக்குப் போனதும் அந்த எண்ணுக்கு நீங்களே ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.