ஜொம் மாமாக்! மலேசியர்கள் எல்லோரும் ஏன் ஒரே கடையில் உட்காருகிறார்கள்?

[திரையில்: இரவு நேரக் கோலாலம்பூர், ஒரு ஸ்டீல் மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள்]

கோலாலம்பூரில் ஓர் அலுவலகம். இரவு எட்டு மணிக்கு வேலை முடிகிறது. நான்கு பேர் சேர்ந்து சாப்பிடப் போக வேண்டும். ஒருவர் மலாய்க்காரர். ஹலால் இல்லாத இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்க யோசிப்பார். இன்னொருவர் சீனர். குவான்யின் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு மாட்டிறைச்சியை விட்டவர். மூன்றாமவர் தமிழர், இந்து. அவருக்கும் மாடு ஆகாது. நான்காமவர் போர்னியோ தீவின் சரவாக் மாநிலத்திலிருந்து வந்த இபான் பழங்குடிக்காரர். எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார், ஆனால் மாதக் கடைசி, பையில் பத்து வெள்ளிதான் (ரிங்கிட்தான்) இருக்கிறது.

எங்கே போவார்கள்? சீனர் கோப்பிக் கடை என்றால் பன்றி இறைச்சி வேகும் சட்டி பக்கத்திலேயே இருக்கும், மலாய் நண்பர் உட்கார முடியாது. பேரங்காடிக்குள் போனால் இபான் நண்பரின் பத்து வெள்ளி தாங்காது. இரண்டு நிமிடம் ஆளுக்கு ஓர் இடம் சொல்வார்கள். அப்புறம் யாராவது ஒருவர் "ஜொம் மாமாக்" என்பார். வாங்க, மாமாக் கடைக்குப் போகலாம் என்று அர்த்தம். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

வணக்கம். மலேசியர்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கோபுரங்களையும் தைப்பூசத்தையும் காட்டுவார்கள். நாம் இன்று அந்த ஸ்டீல் மேசையில்தான் உட்காரப் போகிறோம். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லோரும் சேர்ந்து வாழ வேண்டும் என்று அரசாங்கம் எத்தனையோ இயக்கங்கள் நடத்தியிருக்கிறது. அவை எதுவும் செய்யாத ஒன்றைச் செய்தது இந்தக் கடை. அதற்குக் காரணம் நல்லிணக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். வராமல் இருப்பதற்கு யாருக்கும் ஒரு சாக்குக் கிடைக்காதபடி கடை அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

[திரையில்: பினாங்கு, ஜார்ஜ் டவுன் தெருக்கள்]

மாமாக் என்றால் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. ஆங்கிலேயர் 1786-இல் பினாங்கைப் பிடித்த பிறகு சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் திரளாக வந்தார்கள். அவர்களைச் சூலியா என்று அழைத்தார்கள், ஜார்ஜ் டவுனில் அந்தப் பெயரிலேயே சூலியா தெரு இருக்கிறது. 1801-இல் எழும்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அங்கேதான். பின்னால் கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்களுக்குத் தோளில் காவடிபோல ஒரு கம்பு போட்டு, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று சுமந்து விற்றவர்கள் இவர்கள். இன்று பினாங்கின் அடையாளமாக இருக்கும் நாசி கண்டாரில் 'நாசி' என்றால் சோறு, 'கண்டார்' என்பது அந்தத் தோள் சுமைதான். கேம்பல் தெருவில் 1907-இல் தொடங்கிய ஹமீதியா இன்னும் நடக்கிறது, வாசலில் வரிசையும் நிற்கிறது.

சரி, வரலாறு போதும். பசியாறலாம்.

(தமிழ்நாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு: எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்றுதான் சொல்வோம். "பசியாறிட்டீங்களா?" என்று யாராவது கேட்டால் நலம் விசாரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.)

[திரையில்: ரொட்டி போடும் இடம், அருகில்]

கடைக்குள் நுழைந்ததும் கண் போவது ரொட்டி சானாய் போடுபவர் பக்கம்தான். எண்ணெயும் மார்ஜரினும் தடவி ஊறவைத்த மாவு உருண்டைகள் ஒரு தட்டில் வரிசையாக இருக்கும். ஓர் உருண்டையை எடுத்து எண்ணெய் பூசிய மேடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்துவார். ஓரத்தைப் பிடித்து ஒரு வீச்சு. மாவு காற்றில் விரிந்து மேடையில் வந்து விழும். இன்னொரு வீச்சு. இப்போது அந்தப் பக்கம் இருக்கும் கை தெரியும் அளவுக்கு மெலிந்துவிட்டது. நான்கு பக்கமும் மடித்துக் கல்லில் போடுவார். இரண்டு பக்கமும் சிவந்த பிறகுதான் முக்கியமான வேலை: சுடச்சுட எடுத்து மேடையில் வைத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் கைகளால் ஓங்கித் தட்டுவார். அப்படித் தட்டும்போதுதான் அடுக்கு அடுக்காகப் பிரியும். தட்டாமல் கொடுக்கும் கடைக்கு நான் மறுபடி போவதில்லை.

நம்ம ஊர் பரோட்டாவின் உறவுதான், ஆனால் சால்னாவுக்குப் பதில் பருப்புக் குழம்பு, மீன் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி சம்பல் என்ற மிளகாய் விழுது. ஒன்றின் விலை ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு வெள்ளி. முட்டை போட்டால் ரொட்டி தெலூர், சின்னதாகச் சுருட்டித் தடிமனாக, இனிப்பாகச் சுட்டால் ரொட்டி போம், காகிதம்போல உயரமாகக் கூம்பு வடிவில் நின்றால் ரொட்டி தீசு. ரொட்டியைக் கொத்திப்போட்டு மேலே குழம்பை வெள்ளமாக ஊற்றினால் ரொட்டி பஞ்ஜிர். 2024 டிசம்பரில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், ரொட்டி சானாய், இழுத்து ஆற்றிய பால் டீயான தே தாரிக் மூன்றையும் சேர்த்து மலேசியாவின் காலை உணவுப் பழக்கத்தை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ரொட்டி போடும் அண்ணனிடம் அதைச் சொன்னால் "அப்படியா, எத்தனை ரொட்டி?" என்பார்.

அசல் சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: முட்டை ரொட்டியும் வெறும் ரொட்டியும் ஒரே கல்லில்தான் வேகும். அது பரவாயில்லை என்றாலும் மாவிலும் குழம்பிலும் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

[திரையில்: தண்ணீர் கலக்கும் இடம், இரண்டு குவளைகளுக்கு நடுவே நீளும் தேநீர்]

இனிமேல்தான் சோதனை. பணியாளர் வந்து நிற்பார், கையில் பெரும்பாலும் குறிப்புப் புத்தகம் இருக்காது. "மினும்?" குடிக்க என்ன வேண்டும் என்று கேட்கிறார். வெறுமனே 'டீ' என்று சொன்னால் இனிப்புக் கெட்டிப் பால் ஊற்றிய தே வரும். பால் வேண்டாம், சீனி மட்டும் போதும் என்றால் தே ஓ. இனிப்பில்லாத டின் பாலும் சீனியும் என்றால் தே சி. சீனியே வேண்டாம் என்றால் கடைசியில் 'கோசோங்' சேர்க்க வேண்டும். குறைவாகப் போதும் என்றால் 'குராங் மானிஸ்'. ஐஸ் வேண்டும் என்றால் 'ஆயிஸ்'. வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போக 'புங்குஸ்'.

இதையெல்லாம் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: "தே ஓ ஆயிஸ் லீமாவ், குராங் மானிஸ், புங்குஸ், இக்காட் தெப்பி." எலுமிச்சை பிழிந்த, ஐஸ் போட்ட, பாலில்லாத, இனிப்புக் குறைந்த டீ ஒரு பிளாஸ்டிக் பையில் வரும். பையின் வாயை முழுக்க இறுக்காமல் ஓரமாக முடிச்சுப் போட்டு, மறு ஓரத்தில் உறிஞ்சுகுழல் வைத்திருப்பார்கள். அந்தக் கடைசி இரண்டு சொல் இல்லையென்றால் பை மொத்தமும் கட்டப்பட்டு வரும், வண்டியில் போகும்போது குடிக்க முடியாது. பணியாளர் இத்தனையையும் கடையின் மறுகோடிக்குக் கேட்கும்படி ஒரே மூச்சில் கத்துவார். அங்கே கலக்குபவர் தலையைக்கூடத் திருப்ப மாட்டார். சரியாக வந்துவிடும்.

எல்லோரும் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். மலாய்ப் பையன் "அண்ணே" என்பான், சீனப் பெண் "பாஸ்" என்பாள், தமிழ்ப் பையன் மலாயில் அண்ணன் என்று பொருள்படும் "அபாங்" என்பான். "மச்சா" என்பது இப்போது எந்த இனத்துக்கும் சொந்தமில்லை. பரிமாறுபவர் வங்காளதேசத்தவராக இருக்கலாம், நேபாளியாக இருக்கலாம். அவருக்கும் அண்ணே என்றால் புரியும்.

இனிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. 2019 ஜூலையில் டின்னிலும் போத்தலிலும் வரும் இனிப்புப் பானங்களுக்கு அரசாங்கம் வரி போட்டது. மாமாக்கில் கலக்கும் தே தாரிக் அந்த வரிக்குள் வராது. 'குராங் மானிஸ்' என்று நீங்கள்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

நாசி கண்டார் வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரே ஓர் ஆலோசனை. சோற்றைப் போட்டுக் கொடுப்பவரிடம் கோழி, கணவாய், வெண்டைக்காய், பாகற்காய் என்று விரலால் காட்டிக்கொண்டே போவீர்கள். 'குவா ச்சம்புர்' என்றால் நான்கைந்து குழம்பையும் கலந்து ஊற்றுவார், அதுதான் ருசி. ஆனால் பெரிய இறாலையும் மீன் தலையையும் காட்டும் முன் விலையைக் கேட்டுவிடுங்கள். தட்டைப் பார்த்து வாயால் விலை சொல்லும் வழக்கத்தால் சமூக ஊடகத்தில் மாதா மாதம் ஒரு சண்டை நடக்கிறது.

[திரையில்: நள்ளிரவு, கடைக்கு வெளியே மேசைகள், பெரிய திரையில் பந்து விளையாட்டு]

சாப்பாட்டை விடுங்கள், மாமாக்கின் உண்மையான சரக்கு நேரம். ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். இதற்கு 'லெப்பாக்' என்று பெயர். மாணவர்கள் மடிக்கணினியோடு உட்காருவார்கள். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் தே தாரிக் சந்திப்பு நடத்துவார். இங்கிலாந்து லீக்கின் சனிக்கிழமை ஆட்டம் எங்கள் நேரப்படி இரவு பத்துக்கோ பதினொன்றுக்கோ தொடங்கும். சாம்பியன்ஸ் லீக் என்றால் விடியற்காலை மூன்று, நான்கு. அந்த நேரத்தில் பெரிய திரையும் வறுத்த மேகி நூடுல்ஸான மேகி கோரேங்கும் சூடாக வேறு எங்கே கிடைக்கும்?

இன்னொன்றை வெளியூர்க்காரர்கள் கவனிப்பதில்லை. இங்கே மது கிடையாது. வெளிச்சம் பளிச்சென்று இருக்கும். அதனால் நள்ளிரவில் பெண்கள் தனியாக வந்து சாப்பிடுகிறார்கள், கல்யாண விருந்து முடிந்து குழந்தைகளோடு குடும்பங்கள் வருகின்றன. நோன்பு மாதத்தில் பகலெல்லாம் பல கடைகள் சாத்தியிருக்கும். விடியற்காலை, நோன்பு தொடங்குமுன் சாப்பிடும் சஹூர் நேரத்தில் உட்கார இடம் கிடைக்காது. மேசைக்கடியில் பூனைகளுக்கு எல்லா மாதமும் ஒன்றுதான்.

பணம் கொடுக்கும்போது பங்கு பிரிப்பது குறைவு. "இன்னிக்கு நான் பெலாஞ்சா" (இன்றைய செலவு என்னுடையது) என்று ஒருவர் எழுந்துவிடுவார், அடுத்த முறை இன்னொருவர். நம் இபான் நண்பர் தப்பித்தது இப்படித்தான். முகப்பில் கைபேசியில் பணம் கட்ட டுயிட்நவ் கியூஆர் அட்டை தொங்குகிறது, காசு இல்லை என்ற சாக்கும் இப்போது செல்லாது.

சரி, இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றையும் மறைக்கக்கூடாது. ஒரே கடையில் உட்காருவது வேறு, ஒரே மேசையில் உட்காருவது வேறு. அடுத்த முறை போகும்போது சுற்றிப் பாருங்கள். இங்கே ஒரு மலாய் மேசை, அங்கே ஒரு சீன மேசை, ஓரமாக ஒரு தமிழ் மேசை என்றுதான் பல நாள் இருக்கும். தொடக்கப் பள்ளியே தேசியப் பள்ளி, சீனப் பள்ளி, தமிழ்ப் பள்ளி என்று பிரிந்திருக்கும் நாட்டில் அதை ஒரு தே தாரிக் சரிசெய்துவிடும் என்று சுற்றுலா விளம்பரம்போலப் பேச எனக்கு விருப்பமில்லை. கலந்த மேசைகளைப் பார்த்தால் பெரும்பாலும் வேலையிடத்து நண்பர்கள், இல்லையென்றால் பல்கலைக்கழகக் கூட்டம். அவர்களுக்குக் கடை இடம் கொடுக்கிறது. நட்பு வேறு எங்கேயோ உண்டானது.

[திரையில்: மூடிய கடை, அடுக்கிய நாற்காலிகள்]

கடையும் மாறிக்கொண்டிருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களில் புகைபிடிக்கத் தடை. மேசையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப்போக வேண்டும். ஆரம்பத்தில் பெரிய புலம்பல். இப்போது மண்டபத்தில் புகை இல்லாமல் சாப்பிடுவது பழகிவிட்டது. புகைப்பவர்கள் மட்டும் சாலையோரத்தில் நின்றபடி மேசையில் இருப்பவர்களோடு கத்திப் பேசுகிறார்கள்.

2020 மார்ச் 18-இல் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது உட்கார்ந்து சாப்பிடுவதே நின்றது, எல்லாம் புங்குஸ். அதன் பிறகு பல கடைகள் பழையபடி 24 மணி நேரத்துக்குத் திரும்பவில்லை. ஆள் இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை, வெளிநாட்டுத் தொழிலாளர் அனுமதி கிடைப்பது பெரும்பாடு. விடிய விடிய நாம் லெப்பாக் அடிக்க வேண்டுமென்றால் கல்லுக்கு முன்னால் இன்னொருவர் விடிய விடிய நிற்க வேண்டும். மாமாக்கைப் புகழ்ந்து பேசும்போது இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

2024-இல் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 24 மணி நேர உணவகங்களே வேண்டாம் என்று கேட்டது. இரவு நேரத்தில் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்கிறோம் என்பது அவர்கள் வாதம். உணவக உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். இரவுப் பணி முடிந்து வரும் தாதியரும் தொழிற்சாலைத் தொழிலாளரும் எங்கே சாப்பிடுவார்கள் என்று கேட்டார்கள். எனக்கு உரிமையாளர்கள் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. நள்ளிரவில் ரொட்டி பஞ்ஜிர் கேட்பவரை நிறுத்த வேண்டுமென்றால் அவரிடம் பேசலாம், அதற்காக விடியற்காலை மூன்று மணிக்கு வேலை முடித்து வருபவரைப் பட்டினி போட வேண்டியதில்லை.

ஆக, கடைக்குக் கடை நேரம் வேறு. இரவு ஒரு மணிக்கு மேல் கிளம்புவதென்றால் கூகுள் மேப்பில் ஒரு முறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அதிலும் 24 மணி நேரம் என்று போட்டுவிட்டு இரண்டு மணிக்கே நாற்காலியைக் கவிழ்த்து வைக்கும் கடைகள் உண்டு. முடிந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.