பிரேக்கை மிதித்தால் நாற்காலி ஓடியது

வணக்கம் நேயர்களே. லேத் பட்டறைக்காரன் ஒருவனைக் கூப்பிட்டு கம்ப்யூட்டர் கார் பந்தயத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் அவன் எதைப் பேசுவான்? பிரேக்கைப் பற்றித்தான் பேசுவான். எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம், அதில் பாதியை பிரேக்கே தின்றுவிடும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சிம் ரேசிங், அதாவது நிஜக் கார் மாதிரியே நடந்துகொள்ளும் சிமுலேட்டரில் ஓட்டுகிற இந்தப் பந்தயம் என்று சொன்னதும் எல்லோரும் முதலில் கேட்பது படம் எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது என்பதைத்தான். கண்ணாடியில் மழைத்துளி வழிகிறதா, பெயிண்டில் மேகம் தெரிகிறதா என்று. என் கணக்கில் அதெல்லாம் கல்யாண மண்டபத்துச் சீரியல் லைட்டு. சாப்பாடு எப்படி என்பது பந்தியில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

காந்திபுரம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருப்பீர்கள். டிரைவர் சடக்கென்று பிரேக் போட்டால் மொத்தக் கூட்டமும் முன்னால் சாயும், இல்லையா? காருக்கும் அதேதான். எடை முன் டயர்கள் மேல் போய் உட்காரும், அவை ரோட்டை இறுக்கிப் பிடிக்கும், பின் டயர்கள் லேசாகிவிடும். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலைப் படக்கென்று எடுத்தாலும் இதே கதைதான், வண்டியின் பின்பக்கம் நம்மை முந்திக்கொண்டு வரப் பார்க்கும். ஒரு டயரால் கொடுக்க முடிந்த பிடிப்புக்கு ஒரு வரம்பு உண்டு. அதை மாசச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு நிறையப் போனால் மளிகைக்குக் குறையும். பிரேக்குக்கே முழுப் பிடிப்பையும் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. அதனால்தான் ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்கிறார்கள். ஒரே நேரத்தில் கை கூட்ட, கால் குறைக்க. இந்தக் கணக்கை ஒழுங்காகப் போடுகிற சிமுலேட்டர்தான் நல்ல சிமுலேட்டர், படம் மங்கலாக இருந்தால்கூடப் பரவாயில்லை.

1998இல் கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ் என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வந்தது. 1967 பந்தய சீசனின் கார்கள், ரோட்டோடு அமுக்கிப் பிடிக்கும் இறக்கை எதுவும் கிடையாது. கீபோர்டில் ஓட்டிப் பார்த்தேன், முதல் வளைவைத் தாண்டவே எனக்கு ஒரு வாரம் ஆனது. இன்றைக்குப் பார்த்தால் அதன் படம் சிரிப்பாக இருக்கும். ஆனால் வண்டி வழுக்கும் விதத்தில் பொய் இல்லை. அதைச் செய்தவர்களில் ஒருவரான டேவ் கெம்மர்தான் பின்னால் ஐரேசிங் என்ற ஆன்லைன் பந்தய சிமுலேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவர், 2008இல் அது திறந்தது. பந்தயத் தளங்களை லேசரால் அளந்து, மேடு பள்ளம் உட்பட அப்படியே உள்ளே வைத்திருக்கிறார்கள்.

சரி, பிரேக்குக்கு வருகிறேன். நான் முதலில் வாங்கிய பெடலில் ஸ்பிரிங்தான் இருந்தது. எவ்வளவு தூரம் அமுக்கினோம் என்பதை மட்டும்தான் அது அளக்கும். பட்டறையில் ஒரு நட்டை முடுக்கும்போது எத்தனை டிகிரி திருப்பினோம் என்றா பார்க்கிறோம்? எவ்வளவு இறுகியது என்பது கைக்குத் தெரியும். காலும் அப்படித்தான், அது ஞாபகம் வைத்துக்கொள்வது அழுத்தத்தை, தூரத்தை அல்ல. ஆகவே லோடு செல் வைத்த பெடல் வாங்கினேன். லோடு செல் என்றால் மிரள வேண்டாம், உங்கள் தெரு மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசுக்குள் இருப்பதும் அதுதான்.

நாற்பது கிலோ அழுத்தம் கொடுத்தால் முழு பிரேக் என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தாலியின் மோன்சா தளம், நேர் ரோடு முடிந்து முதல் வளைவு, வேகம் 240க்கு மேல். ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். கார் நிற்கவில்லை, நான் பின்னால் போனேன்! சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி, மொசைக் தரை, நேராகப் போய் பீரோவில் மோதி நின்றேன். ஸ்டீயரிங் அங்கே, நான் இங்கே. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார், "பிரேக் போட்டா வண்டிதானடா நிக்கோணும், நீ எதுக்குடா பின்னால போற?"

பதில் சொல்லத் தெரியவில்லை. கொல்லைப்புறத்தில் சும்மா கிடந்த அம்மிக்கல்லைத் தூக்கி வந்து நாற்காலிக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தேன். பிரமாதமாக இருந்தது. மூன்று வாரம் கழித்து மிக்சி கெட்டுப்போனது. நான் பட்டறைக்குப் போயிருந்தபோது, அரைக்க வேண்டும் என்று அம்மா ஆள் விட்டுக் கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்று ராத்திரி ஆன்லைன் பந்தயம், அதே மோன்சா, அதே வளைவு, மறுபடியும் பீரோ. முன்னால் போய்க்கொண்டிருந்த இரண்டு பேரையும் சேர்த்து இடித்துத் தள்ளியிருந்தேன். மைக்கில் ஒருவர் என்ன ஆச்சு என்று கேட்டார். அம்மிக்கல்லை எடுத்துவிட்டார்கள் என்பதை எந்த பாஷையில் சொல்வது? மறுநாள் பட்டறையிலேயே ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம் வெல்டிங் வைத்து, சீட்டையும் பெடலையும் ஒன்றாக போல்ட் போட்டு முறுக்கிவிட்டேன். அதற்கு முன் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் ஒரு விநாடி வித்தியாசம் வரும். அதற்கப்புறம் அது பாதிக்கும் கீழே குறைந்தது. படம் மாறவில்லை, கார் மாறவில்லை, கால் ஊன்ற இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். அங்கே வண்டி வழுக்கினால் முதலில் முதுகுக்குத் தெரியும். நம் வீட்டு நாற்காலிக்குத் தெரியாது. ஸ்டீயரிங் திடீரென்று கனம் குறைவதை வைத்துத்தான் முன் டயர் பிடிப்பை விடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் பயம். இங்கே இடித்தால் எலும்பு முறியாது, அதனால் கண்ட இடத்தில் மூக்கை நுழைக்கத் தோன்றும். அந்தப் பயத்துக்குப் பதிலாக ஐரேசிங்கில் லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள். ரோட்டை விட்டு இறங்கினால் ஒரு தப்புப் புள்ளி, இன்னொரு காரைப் பலமாக இடித்தால் நான்கு. யார் மேல் தப்பு என்று பார்ப்பதே இல்லை, இரண்டு பேருக்கும் விழும். அநியாயம் என்று நானும் கத்தியிருக்கிறேன். ஆனால் இடிப்பவன் வருகிறான் என்று தெரிந்தால் ஒதுங்கி வழிவிட அதுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

இன்டர்நெட் தாமதம் வேறு இருக்கிறது. மணிக்கு 216 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 60 மீட்டர். பத்தில் ஒரு விநாடி தாமதம் என்றால் 6 மீட்டர், ஒரு காரின் நீளத்தை விட அதிகம். பக்கத்தில் நீங்கள் பார்க்கும் கார், அது இந்நேரம் இங்கே இருக்கும் என்று கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. ஒட்டி உரசப் போனால் உங்கள் திரையில் இடிக்காது, அவர் திரையில் இடித்திருக்கும்.

ஆள் மாறாட்டக் கதை ஒன்று. 2020 ஊரடங்கில் ஃபார்முலா இ என்ற எலக்ட்ரிக் கார் பந்தயத்தின் ஓட்டுநர்கள் வீட்டிலிருந்தே போட்டி போட்டார்கள். அதுவரை பின்னால் திணறிக்கொண்டிருந்த டேனியல் ஆப்ட் திடீரென்று மூன்றாவதாக வந்தார். கூட ஓடியவர்களுக்குச் சந்தேகம். கடைசியில் பார்த்தால் அவருக்குப் பதிலாக ஓட்டியது ஒரு சிம் ரேசர். நிஜப் பந்தயக்காரர் பரீட்சைக்கு ஆள் வைத்து எழுதியிருக்கிறார்! 10,000 யூரோ அபராதம், அவருடைய ஆடி (Audi) கார் அணியும் அவரை நீக்கிவைத்தது.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கிரான் டூரிஸ்மோ என்ற கார் பந்தய வீடியோ கேம் ஆடுபவர்களுக்கான போட்டியில் 2011இல் ஜெயித்து, பின்னால் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம் வரை போன ஜான் மார்டன்பரோவைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்வதாக இருந்தேன், நேரமில்லை. என்ன ஸ்டீயரிங் வாங்கலாம் என்ற கேள்விக்கும் நேரமில்லை. எதை வாங்கினாலும் முதலில் நாற்காலிச் சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள். வணக்கம்.