ஃபெல்ட் ஷூவை மூட்டை கட்டாதீங்க! நியூசிலாந்து டிரவுட் டிரிப், பெங்களூருல இருந்தே பிளான்

வாங்க வாங்க. முடிச்சு வீடியோவோட ரெண்டாம் பாகம் இன்னிக்குன்னு சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். காரணம் இந்தப் பேப்பர்தான். நம்ம பெங்களூருல ஒரு டூர் கம்பெனி, பேர் வேணாம், நியூசிலாந்து ஃப்ளை ஃபிஷிங் பேக்கேஜ் போட்டிருக்கு. ஃப்ளைன்னா இறகு, நூல் வெச்சுப் பூச்சி மாதிரி கட்டின கொக்கி, அதை வீசி டிரவுட்ங்கற குளிர்தண்ணி மீனைப் பிடிக்கறது. கூடவே ஒரு பேக்கிங் லிஸ்ட். உங்கள்ல நாலு பேர் இதையே அனுப்பி "சரியா இருக்கா"ன்னு கேட்டிருக்கீங்க. மூணாவது வரியைப் பாருங்க: "ஃபெல்ட் சோல் வேடிங் ஷூ, 1 ஜோடி." அதாவது ஆத்துல இறங்கி நிக்கற ஷூ, அடிப்பக்கம் கம்பளி மாதிரி ஃபெல்ட் துணி.

அடப்பாவிங்களா!

ஃபெல்ட் சோலோட அங்க மீன் பிடிக்க 2008லயே தடை போட்டாச்சு. அபிப்பிராயம் இல்லங்க, சட்டம். டிடிமோன்னு ஒரு பாசி. 2004ல தெற்குத் தீவுல, கீழ் வையாவ் ஆத்துல கண்டுபிடிச்சாங்க. பாறை மேல அழுக்குப் பஞ்சு மாதிரி படரும். கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலே போதும், அடுத்த ஆத்துலயும் ஆரம்பிச்சிடும். ஃபெல்ட் தண்ணியை உறிஞ்சி வெச்சுக்கும், உள்ள ஈரம் சுலபத்துல காயாது, பாசி அதுக்குள்ளயே உயிரோட உக்காந்துக்கும். நீங்க ஹோட்டல் பால்கனில ரெண்டு மணி நேரம் காயவெச்சா அதுக்கு ஒண்ணும் ஆகாது.

ரப்பர் சோல் வாங்குங்க. வழுக்கும்னு பயமா இருந்தா டங்ஸ்டன் ஆணி போட்டுக்கலாம், ஆனா எட்டாத ஆத்துக்கு ஹெலிகாப்டர்ல ஏறணும்னா ஆணி போட்ட ஷூவோட ஏறலாமான்னு கைடுகிட்ட முன்னாடியே கேட்டுக்குங்க. அப்புறம், பழைய ஷூன்னா சேறு மட்டும் போனா பத்தாது. லேஸைக் கழட்டுங்க. நாக்குக்குக் கீழ, இன்சோலுக்குக் கீழ, லேஸ் ஓட்டையைச் சுத்தி டூத் பிரஷ் போட்டுத் தேய்ங்க. கர்நாடகா செம்மண் அந்தத் தையல்ல போய் உக்காந்ததுன்னா சாமானியமா வராது. 10 லிட்டர் தண்ணிக்கு 500 மில்லி பாத்திரம் கழுவுற லிக்விட், அதுல நல்லா ஊறவெச்சு அலசி, தொட்டா காஞ்சிருக்கணும், அதுக்கப்புறமும் 48 மணி நேரம் காயணும். அங்க போயும் ஒரு ஆத்துல இருந்து இன்னொரு ஆத்துக்கு மாறும்போது இதே வேலைதான்.

ஏர்போர்ட்ல ஷூ, ராடு, ரீல், இறகு வெச்சுக் கட்டின ஃப்ளை எல்லாத்தையும் டிக்ளேர் பண்ணுங்க. மறைச்சாலும் மறந்தாலும் அதே இடத்துல 400 நியூசிலாந்து டாலர் ஃபைன், நம்ம காசுல சுமார் 20,000. டிக்ளேர் பண்ணினா, பாப்பாங்க, சுத்தமா இருந்தா அனுப்பிடுவாங்க. இட்லிப் பொடியையும் டிக்ளேர் பண்ணிடுங்க. தேனை இங்கயே விட்டுட்டுப் போயிடுங்க.

ஷூவுக்கே இவ்வளவு நேரம் போயிடுச்சு. சரி, எந்த மாசம்?

பெரும்பாலான ஆறுங்க அக்டோபர் 1ல திறந்து ஏப்ரல் 30ல மூடும். மலைப்பக்கத்து ஆறுங்க சிலது நவம்பர் முதல் சனிக்கிழமைதான் திறக்கும். நமக்கு டிசம்பர்ல ஸ்வெட்டர்னா அவங்களுக்கு அது கோடை, மறந்துடாதீங்க. நவம்பர்ல மீனுங்க மனுஷனையே பார்த்திருக்காது, ஆனா பனி உருகி தண்ணி ஏறியிருக்கலாம், பெரும்பாலும் நிம்ஃபு, அதாவது தண்ணிக்குள்ள முங்கற ஃப்ளைதான் ஓடும். என் ஓட்டு பிப்ரவரிக்கு. சில்வண்டு காலம். தண்ணில விழற சில்வண்டை மேல வந்து மொக்குன்னு விழுங்கும் பாருங்க! குறை என்னன்னா, அதுக்குள்ள எல்லா மீனும் பத்து ஃப்ளையைப் பார்த்து உஷாராயிருக்கும். அந்த பிப்ரவரிக்கு இப்ப ஜூலைல கேட்டா நல்ல கைடுங்க பாதிப் பேர் நிறைஞ்சிருப்பாங்க. முதல்ல கைடோட தேதி, அப்புறம்தான் ஃப்ளைட். நிறைய பேர் தலைகீழா பண்றீங்க. நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசிட்டர் விசா வேணும், அதுக்கும் நேரம் ஒதுக்குங்க.

பெரிய மீனுக்குச் சொல்ற "டிராஃபி"ங்கற வார்த்தைக்கு வருவோம். அங்க பவுண்டு கணக்கு. 10 பவுண்டு தாண்டினா, அதாவது நாலரை கிலோ, அதுதான் டிராஃபி. தெற்குத் தீவுல சாதாரணமா மாட்டற பிரவுன் டிரவுட் 3ல இருந்து 5 பவுண்டு. அதுவே கையில எடுத்தா குழந்தை மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு ஆறு மீன் பாத்து, மூணுக்கு வீசி, ஒண்ணு கரைக்கு வந்தா நல்ல நாள். இன்ஸ்டாகிராம்ல பன்னிக்குட்டி சைஸ்ல ஒரு டிரவுட்டைக் கட்டிப்பிடிச்சு நிக்கறாங்களே, அதுல பல படம் டுவைசல் ஊர்ப் பக்கத்து கரென்ட் கம்பெனிக் கால்வாய்ல எடுத்தது. அங்க சால்மன் பண்ணைக் கூண்டுங்க இருக்கு, சிந்தற தீவனத்தைத் தின்னே இதுங்க ஊதியிருக்கு. 20 கிலோ தாண்டின உலக சாதனை பிரவுன் 2020ல வந்ததும் அங்க ஓஹாவ் கால்வாய்லதான். அதுல ஃப்ளை வீசி மீன் பிடிக்கற சுகம் ஒரு சொட்டு கிடையாது. கோயில் குளத்துல பொரி போட்டுப் பிடிக்கற மாதிரி. போகணும்னா போங்க, நான் கேமராவைத் தூக்கிட்டு வரமாட்டேன்.

நிஜமான பெரிய மீன் வேணும்னா "எலி வருஷம்" எதுன்னு கைடுகிட்ட கேளுங்க. அங்க காட்டுல இருக்கற பீச் (beech) மரங்க சில வருஷம் விதையா கொட்டித் தீர்க்கும், அதைத் தின்னு சுண்டெலி பெருகும், ராத்திரில ஆத்தைக் கடக்கற எலியை டிரவுட் முழுங்கும். அந்த சீசன்ல அதே மீனே ரெண்டு மூணு பவுண்டு ஏறியிருக்கும்.

இப்ப கைடுக்கு எழுதற மெயில். "நான் நல்லா வீசுவேன்"னு எழுதாதீங்க. எத்தனை மீட்டர், எதிர்க்காத்துல எத்தனை மீட்டர், உருண்டைக் கல்லுல ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் நடப்பேன், இதை எழுதுங்க. விலைல மதியச் சாப்பாடு உண்டா, சைவம் கிடைக்குமா, 15 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா, ஹெலிகாப்டர் தனியா, காத்தடிச்சு ஹெலிகாப்டர் பறக்கலைன்னா அந்தப் பணம் என்ன ஆகும், எல்லாத்தையும் எழுத்துல வாங்குங்க. ஒரு கைடுக்கு அதிகபட்சம் ரெண்டு பேர். அதுலயும் ஒரு நேரத்துல ஒருத்தர்தான் வீசணும், மத்தவர் பின்னாடி நின்னு பாக்கணும். நாலு நண்பர்களா போனா ரெண்டு கைடு. லைசென்ஸ் கைடோட காசுல வராது. லைசென்ஸ் கொடுக்கற ஃபிஷ் அண்ட் கேம் அமைப்போட வெப்சைட்டுல வெளிநாட்டுக்காரர் லைசென்ஸ் நீங்களே எடுக்கணும். வடக்குத் தீவுல டௌப்போ ஏரிப் பக்கம் அது செல்லாது, அங்க வேற லைசென்ஸ்.

கருவிக்கு வந்தா, 9 அடி 6 நம்பர் ராடு, நாலு துண்டு. லைன் மங்கின ஆலிவ் கலர் ஃப்ளோட்டிங். ஆரஞ்சு லைன் வெச்சிருக்கவங்க இங்கயே வித்துடுங்க. லைன் நுனியில கட்டற மெல்லிசு நூல்தான் லீடர், அது 12ல இருந்து 15 அடி; அதோட கடைசித் துண்டு டிப்பெட் 4எக்ஸ், கூட அதைவிட மெல்லிசா ஒரு 5எக்ஸ். ஃப்ளை அங்கயே வாங்கலாம், இல்ல கைடே கொடுப்பார்.

அந்த ராடு டியூப்! இதுக்காகத்தான் இன்னிக்கு சூட்கேஸையே மேல தூக்கிட்டு வந்தேன். டியூப் நீளம் 77 சென்டிமீட்டர். கேபின் பேகேஜ்ல 55 தாண்டக்கூடாதுன்னு பல ஏர்லைன்ஸ் சொல்லுது, தனியா செக்-இன் பண்ணினா கன்வேயர்ல என்ன ஆகும்னு சொல்லவே வேணாம். பெரிய சூட்கேஸோட உள் நீளம் 68. பத்தலைன்னு எல்லாரும் வாங்கின சூட்கேஸைத் திருப்பிக் கொடுக்கறீங்க. நில்லுங்க. அகலம் 46. மூலைக்கு மூலை வெச்சுப் பாருங்க. எட்டாங்கிளாஸ் பிதாகரஸ்: 68ஓட வர்க்கம் 4624, 46ஓட வர்க்கம் 2116, கூட்டினா 6740, வர்க்கமூலம் 82. பாருங்க, இதோ... லொடக். போயிடுச்சு! மூலை வளைஞ்சிருந்தாலும் 5 சென்டிமீட்டர் கையில இருக்கு. அதைச் சுத்தி சாக்ஸ்.

ஆங், வேடர் பத்திச் சொல்லவே இல்ல, தண்ணி புகாத நீள பேன்ட். ஜனவரி, பிப்ரவரின்னா வேணாம். ஷார்ட்ஸுக்குள்ள தெர்மல் பேன்ட், மேல ஷூ, அப்படியே தண்ணில இறங்கிடுவாங்க. 2 கிலோ மிச்சம். சட்டை மங்கின பச்சை, தொப்பிக்கு அடிப்பக்கம் கறுப்பு. வெள்ளைத் தொப்பி போட்டா மீன் உங்களை முதல்ல பாக்கும். கண்ணாடி போலரைஸ்டு, காப்பர் கலர் லென்ஸ். பவர் இருக்கறவங்க பவர் போட்டே செஞ்சுக்குங்க. மீனைப் பாக்கலைன்னா வீசறதுக்கு ஒண்ணுமே இல்ல.

கடைசியா பயிற்சி. ஜூலை, ஆகஸ்ட் காத்து பெங்களூருல இலவசமா வீசுது, விடாதீங்க. மொட்டை மாடி வேணாம், சிமெண்ட் தரை லைனை அரம் மாதிரி தேய்ச்சிடும். புல்தரை. கொக்கிக்குப் பதிலா கம்பளி நூல் கட்டுங்க. லைன்ல 9 மீட்டர்ல மார்க்கர் கோடு. லீடர் 4 மீட்டரும் சேர்ந்தா 13. நேரா முன்னாடி 12 மணின்னு வெச்சு, 10 மணி, 11 மணி, 1 மணின்னு தட்டு வைங்க. கூட வர்றவரை "11 மணி, 12 மீட்டர்"னு கத்தச் சொல்லுங்க, அங்க கைடும் அப்படித்தான் சொல்வார். முதல் வீச்சு மட்டும்தான் கணக்கு. தட்டைத் தாண்டி ஒரு மீட்டர்ல நுனி விழணும். லைன் தட்டு மேல விழுந்தா மீன் போயாச்சு, அடுத்த தட்டு. எதிர்க்காத்துல லீடர் சுருண்டுக்குதுன்னா முன் வீச்சைத் தாழ்வா நிறுத்துங்க, லீடரை ரெண்டு மூணு அடி குறைங்க. பலத்தைக் கூட்டாதீங்க, கூட்டினா முடிச்சுதான் விழும்.

மீன் ஃப்ளையை எடுத்ததும் தூக்காதீங்க! பிரவுன் மெதுவா வாயைத் திறந்து, மெதுவா மூடி, தலையைக் கீழ விடும். அங்க உள்ளவங்க ராணி இருந்த காலத்துல "காட் சேவ் த குவீன்"னு சொல்லி முடிச்சிட்டுத் தூக்குவாங்க. நமக்கு நிதானமா ரெண்டு "முருகா" போதும்.

அய்யோ, நூல் வெட்டற நிப்பர், ஃபோர்செப்ஸ், ஃப்ளை டப்பா மூணையும் செக்-இன்ல போடுங்க. கேபின் பையில வெச்சா செக்யூரிட்டில எடுத்துக் குப்பையில போட்டுடுவாங்க.