1970 ஷெவெல்லில் எல்எஸ் எஞ்சின்: வீட்டு கராஜிலேயே மாற்றலாம்

(திரையில்: 1970 ஷெவர்லே ஷெவெல் மாலிபு. பானெட் திறந்திருக்கிறது, உள்ளே பழைய 307.)

இந்த மாலிபுவுக்குள் இருப்பது 307 கன இன்ச் வி8. புதிதாக வந்தபோது இதற்கு 200 குதிரைத்திறன் என்று போட்டிருந்தார்கள். ஆனால் அது ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், வண்டியின் சைலன்சர் எதுவும் மாட்டாமல் எஞ்சினைத் தனியாக ஓட்டி எடுத்த பழைய கணக்கு, சாலையில் கிடைப்பது அதைவிட நன்றாகவே குறையும். பின்னால் பவர்கிளைடு கியர்பாக்ஸ், மொத்தமே இரண்டு கியர். இதைக் கழற்றிவிட்டு 2000-ஐ ஒட்டி வந்த ஒரு சில்வராடோ பிக்கப்பின் 5.3 லிட்டர் எல்எஸ் எஞ்சினையும் அதனுடனேயே வந்த நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கையும் வீட்டில் வைத்தே எப்படிப் பொருத்துவது என்று பார்க்கலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எஞ்சினைக் கிரேனில் தூக்கி உள்ளே இறக்குவது ஒரு வார இறுதி வேலை. மாதக் கணக்கில் இழுப்பது ஆயில் சம்ப் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), பெட்ரோல் லைன், வயரிங், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸில் இருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டு) கோணம் ஆகிய நான்கும்தான். பாதி வேலையோடு தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிற வண்டியைப் பார்த்தால், பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில்தான் மாட்டியிருக்கும். அதனால் இந்த வீடியோவில் அங்கேதான் அதிக நேரம் செலவழிக்கப் போகிறேன்.

எல்லோரும் ஏன் எல்எஸ்ஸையே தேடுகிறார்கள்? 1997-இல் கார்வெட்டில் எல்எஸ்1 என்ற பெயரில் வந்த குடும்பம் இது. 1999-இல் இருந்து ஜெனரல் மோட்டார்ஸ் இதையே 4.8, 5.3, 6.0 லிட்டர்களில் பிக்கப்களிலும் டாஹோ, சபர்பன் மாதிரி பெரிய வண்டிகளிலும் போட்டுத் தள்ளியது, அதனால் அமெரிக்காவில் எந்த வண்டி உடைக்கும் யார்டுக்குப் போனாலும் ஒன்றாவது கிடைக்கும். இன்னொரு காரணம் அளவு. 1955-இல் வந்த பழைய ஸ்மால் பிளாக்கில் சிலிண்டருக்குச் சிலிண்டர் 4.4 இன்ச், எல்எஸ்ஸிலும் அதே 4.4 இன்ச்தான், ஆகவே ஸ்மால் பிளாக்குக்கென்று கட்டிய எஞ்சின் அறையில் இது வசதியாக உட்காரும். பின்னால் ஃபயர்வாலை (எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) ஒட்டி நிற்கிற, ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும் கிடையாது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில். 5.3-இன் எல்எம்7 ரகம் ஆண்டைப் பொறுத்து 270-இல் இருந்து 295 குதிரைத்திறன் வரை தரும், அதுவும் எல்லாம் மாட்டிய நிலையில் எடுத்த கணக்கு.

எந்த வண்டியில் செய்யக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 450 குதிரைத்திறன் என்று அறிவித்து வந்த 1970 எஸ்எஸ் 454 போன்ற வண்டி அதன் அசல் எஞ்சினோடு உங்களிடம் இருந்தால், தயவுசெய்து அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மாலிபு, ஏற்கெனவே எஞ்சின் மாறிப்போன வண்டி, எஞ்சினே இல்லாமல் வாங்கிய வண்டி, இவற்றுக்குத்தான் இந்த வேலை. சட்டத்தையும் முதலிலேயே பாருங்கள். கலிஃபோர்னியாவில் 1975 வரை வந்த பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை கிடையாது, அதற்குப் பிந்தைய மாடல் என்றால் எஞ்சின் மாற்றுவதற்கே தனி விதிகள் உண்டு.

சரி, எஞ்சின் வாங்கப் போகும்போது எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள். ஒரே பிக்கப்பில் இருந்து எஞ்சின், கியர்பாக்ஸ், டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது), கம்ப்யூட்டர், அறுபடாத வயரிங் ஹார்னெஸ், காற்றளவு சென்சார், பிராக்கெட்டுகள் என்று எல்லாமே வர வேண்டும். கம்ப்யூட்டரை வேறு ஆண்டு வண்டியில் எடுத்தால் என்ன ஆகும்? முதல் தலைமுறை பிக்கப் எஞ்சின்களில் கிராங்க் சென்சார் படிக்கிற சக்கரம் 24 துடிப்புக் கணக்கு, அடுத்த தலைமுறையில் 58. ஒன்றின் கம்ப்யூட்டர் இன்னொன்றின் எஞ்சினைப் படிக்காது, ஸ்டார்ட்டே ஆகாது. அடுத்த தலைமுறை 5.3-களில் பலவற்றில் ஓட்டத்தின் நடுவே பாதி சிலிண்டர்களை நிறுத்தி வைக்கும் ஏற்பாடும் உண்டு, அதில் வால்வைத் தூக்கும் லிஃப்டர்கள் பழுதாவது பரவலாகத் தெரிந்த விஷயம். முதல் தடவை செய்கிறவர் 2002 வரை வந்த, ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் உள்ள எஞ்சினைத் தேடுவதே நல்லது. 2003-இல் இருந்து பெரும்பாலும் மின்சாரப் பெடல், அதற்கு அந்தப் பெடலும் தனி மாட்யூலும் சேர்ந்து வேண்டும்.

அப்புறம் பிரேக். மாலிபுவின் முன்சக்கரங்களில் டிரம் பிரேக் இருந்தால் எஞ்சினுக்கு முன்னால் அதை டிஸ்க்காக மாற்றுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

(திரையில்: எஞ்சின் கிரேன், காலி அறை, பிளாக்கின் பக்கவாட்டில் அடாப்டர் தகடு.)

பழைய ஸ்மால் பிளாக்கில் மவுன்டிங்குக்குப் பக்கத்துக்கு மூன்று போல்ட், எல்எஸ்ஸில் நான்கு. நடுவில் ஒரு அடாப்டர் தகடு போட்டால் ஷெவெல்லின் மவுன்டிங்கிலேயே எஞ்சின் நிற்கும். இந்தத் தகடுகள் எஞ்சினைச் சற்று முன்னால் வைப்பது, பின்னால் வைப்பது என்று பல விதமாக வருகின்றன, அந்த ஓர் இன்ச்தான் ஃபயர்வால் இடைவெளி, ஹெட்டர் பைப் (எஞ்சினில் இருந்து புகை வெளியேறும் குழாய்) ஸ்டீயரிங் பாக்ஸில் உரசுமா, கியர்பாக்ஸ் மவுன்டிங் எங்கே விழும் என்று எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தகடு, சம்ப், ஹெட்டர் மூன்றையும் ஒன்றோடொன்று பொருந்தும் என்று உறுதியான ஒரே செட்டாக வாங்குங்கள். தனித்தனியாக விலை குறைவாகக் கிடைத்ததையெல்லாம் சேர்த்தால் கடைசியில் எதையாவது அறுக்க வேண்டி வரும்.

பிக்கப்பின் ஆயில் சம்ப் வார்ப்பு அலுமினியம், பின்பகுதி ஆழமானது. உயரமான பிக்கப்புக்கு அது சரி, ஷெவெல்லில் அது ஃபிரேமின் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பருக்கும் கீழே தொங்கும், சாலையில் ஒரு மேட்டில் இடித்தால் உடைந்துவிடும். இதற்குப் பலர் போடுவது ஹம்மர் எச்3-இன் வி8-க்கு வந்த சம்ப்பை, அதையே ஜெனரல் மோட்டார்ஸ் பழைய மஸில் கார்களுக்கான கிட்டாகவும் விற்றது. ஹோலி நிறுவனத்தின் சம்ப்களும் உண்டு. சம்ப் மாற்றினால் உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாயும் மாறும், அந்தக் குழாய் பம்பில் நுழையும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் ஓ-ரிங் இருக்கிறது. பழையதைத் திரும்பப் போடுவதோ, புதியதை ஆயில் தடவாமல் அழுத்தி நசுக்குவதோ கூடாது. அது கிழிந்தால் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும், எல்லாம் மாட்டி முடித்தபின் ஆயில் பிரஷர் ஏறாமல் எஞ்சினைத் திரும்ப வெளியே எடுக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, எல்எஸ்ஸில் சம்ப்பின் பின்விளிம்பு கியர்பாக்ஸோடும் போல்ட் ஆகிறது, அதனால் இறுக்கும் முன் நேர்க்கோல் வைத்துப் பிளாக்கின் பின்முகத்தோடு சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

முன்பக்க பெல்ட் அமைப்பு கார்வெட்டில் எஞ்சினை ஒட்டி வரும், கமாரோவில் கொஞ்சம் தள்ளி, பிக்கப்பில் இன்னும் தள்ளி. பிக்கப்பின் ஏசி கம்ப்ரஸர் கீழே இருப்பதால் ஷெவெல்லின் ஃபிரேமில் இடிக்கும், ஏசி வேண்டுமென்றால் அதை மேலே ஏற்றும் பிராக்கெட் வாங்கத்தான் வேண்டும்.

(திரையில்: 4எல்60இ கியர்பாக்ஸ், பக்கத்தில் பவர்கிளைடு.)

பிக்கப்போடு வந்த இந்த நான்கு கியர் 4எல்60இ, பவர்கிளைடைவிட ஏறக்குறைய 3 இன்ச் நீளம், மவுன்டிங்கும் 2 இன்ச்சுக்கு மேல் பின்னால் போகும், அதற்கேற்ற கிராஸ்மெம்பர் கிட்டாகவே கிடைக்கிறது. முதல் கியரின் விகிதம் 3.06, நான்காவதின் விகிதம் 0.70. அந்த 0.70-க்காகத்தான் இவ்வளவு வேலையும் என்று நான் சொல்வேன். பின் ஆக்ஸிலில் 3.73 பல்சக்கரம், 26 இன்ச் டயர் வைத்து மணிக்கு 70 மைலில் போனால், கடைசி கியர் நேர் கியராக உள்ள பவர்கிளைடில் எஞ்சின் 3,370 சுற்றுக்கு மேல் கத்தும். இதில் அதே வேகத்துக்கு 2,360 போதும். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே நெடுஞ்சாலையில் போகலாம்.

கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும்போது டார்க் கன்வெர்ட்டரை அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள். அது உள்ளே படிப்படியாக, சுற்றிச் சுற்றித் தள்ளத் தள்ள 'டக் டக்' என்று இறங்கி உட்கார வேண்டும். முழுதும் உட்காராமல் போல்ட் போட்டு இழுத்து இறுக்கினால் கியர்பாக்ஸ் பம்ப் அங்கேயே நொறுங்கும். சரியாக உட்கார்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தபின் கன்வெர்ட்டர் கையால் சுலபமாகச் சுற்றும், எஞ்சினின் பின்முனைத் தகடான ஃப்ளெக்ஸ்பிளேட்டைத் தொட அதை 1/8-இல் இருந்து 3/16 இன்ச் வரை முன்னால் இழுக்க வேண்டியிருக்கும்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை இப்போது சுருக்க வேண்டும். ஷாஃப்ட்டின் முன்முனையில் உள்ள பழைய யோக்கே புதிய கியர்பாக்ஸிலும் நுழையும், இரண்டுக்கும் 27 பல்தான். அளவெடுக்கும்போது வண்டியின் முழு எடையும் சக்கரங்களில் இருக்க வேண்டும், ஜாக்கியில் தூக்கி வைத்து அளந்த அளவு எதற்கும் ஆகாது. யோக் உள்ளே முட்டும் வரை தள்ளி, அங்கிருந்து முக்கால் இன்ச் முதல் ஓர் இன்ச் வரை வெளியே இழுத்து அளவெடுங்கள். கோணம் அதைவிட முக்கியம். கியர்பாக்ஸின் பின்பக்கம் 3 டிகிரி கீழே சாய்ந்திருந்தால் பினியன் (பின் ஆக்ஸிலில் ஷாஃப்ட் சேரும் பல்சக்கரம்) 3 டிகிரி மேலே பார்க்க வேண்டும், இரண்டு கோடுகளும் இணையாக ஓட வேண்டும். முடுக்கும்போது பினியன் தானே மேலே எழும் என்பதால் ஒரு டிகிரி குறைத்து வைப்பவர்களும் உண்டு. ஷெவெல்லில் பின்னால் நான்கு ஆர்ம்கள், மேல் ஆர்ம் இரண்டையும் நீளம் மாற்றக்கூடியதாகப் போட்டால் இந்தக் கோணத்தை நீங்களே திருத்தலாம். இது தவறினால் 60 மைலில் சீட் நடுங்கும், நீங்கள் டயர் பேலன்ஸ் பார்த்துப் பார்த்து அலைவீர்கள்.

(திரையில்: பெட்ரோல் டேங்க்.)

கார்புரேட்டருக்கு 5, 6 பிஎஸ்ஐ அழுத்தம் போதும், எல்எஸ்ஸின் இன்ஜெக்டருக்கு 58 வேண்டும். ஆகவே பழைய மெக்கானிக்கல் பம்ப், பழைய ரப்பர் ஹோஸ், பழைய கிளிப் எதையும் வைத்துக்கொள்ளக்கூடாது. வெளியே ஃபிரேமில் பம்ப் மாட்டினால் செலவு குறையும், ஆனால் சத்தம் வரும், சூடாகும், சீக்கிரம் போகும். பம்ப் டேங்குக்கு உள்ளேயே, பெட்ரோலில் மூழ்கி இருக்கட்டும். உள்ளே தடுப்புத் தகடு உள்ள இன்ஜெக்ஷன் டேங்க் ஷெவெல்லுக்கு என்றே செய்து விற்கிறார்கள், தடுப்பு இல்லாவிட்டால் வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஓடிப் பம்ப் காற்றை இழுக்கும். அழுத்தத்துக்கு 1999-2003 கார்வெட்டின் ஃபில்டர் அருமையான தீர்வு, ரெகுலேட்டர் அதற்குள்ளேயே 58-க்கு அமைந்திருக்கிறது. அதை டேங்குக்கு அருகில் மாட்டினால் டேங்குக்கும் ஃபில்டருக்கும் இடையில் மட்டும் திரும்பு லைன், எஞ்சினுக்கு ஒரே லைன்.

வயரிங்கைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. எஞ்சின் ஹார்னெஸ்ஸில் இன்ஜெக்டர், காயில், சென்சார் என்று வகைக்கு வகை செருகின் வடிவம் வேறு, தவறாகப் போடுவது கடினம். காரோடு நீங்கள் இணைப்பது நிரந்தர 12 வோல்ட், சாவி போட்டால் வரும் 12 வோல்ட், எர்த், பெட்ரோல் பம்ப் ரிலே, ஃபேன் ரிலே, எச்சரிக்கை விளக்கு, ஸ்கேனர் போர்ட், கியர்பாக்ஸ் பக்கத்துச் சில வயர்கள், அவ்வளவுதான். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய காயிலுக்குப் போகும் வயரைப் பார்த்து, சாவி போட்டால் கரண்ட் வருகிறதே என்று அதிலேயே கம்ப்யூட்டரை இணைத்துவிடத் தோன்றும். பழைய பாயின்ட் இக்னிஷன் வைத்த 1970 ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் அது ரெசிஸ்டன்ஸ் வயர், லோடு ஏறியதும் 12 வோல்ட் வராது. ஃபியூஸ் பாக்ஸில் இருந்து தனியாக எடுங்கள், செல்ஃப் அடிக்கும்போதும் அதில் கரண்ட் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். எஞ்சினில் இருந்து ஃபிரேமுக்கு, எஞ்சினில் இருந்து பாடிக்கு, பேட்டரிக்கு என்று தடித்த எர்த் வயர்கள், பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில். விளங்காத கோளாறுகள் எர்த்தில் இருந்துதான் அதிகம் வரும். பிக்கப்பின் திருட்டுத் தடுப்பை கம்ப்யூட்டரில் அணைத்தாக வேண்டும், எச்பி டியூனர்ஸ் போன்ற மென்பொருளால் அதைச் செய்யலாம். அணைக்காவிட்டால் எஞ்சின் சுற்றும், ஓடாது.

ரேடியேட்டரில் ஒன்றே ஒன்று மட்டும். எல்எஸ்ஸின் சிலிண்டர் ஹெட்டுகளில் நீராவி வெளியேறச் சின்னக் குழாய் ஒன்று மேலே ஓடும், அதை அடைத்துவிடாமல் ரேடியேட்டரின் மேல்பகுதிக்குக் கொண்டுபோங்கள். அடைத்தால் ஹெட்டில் ஆவி தேங்கி அந்த இடம் மட்டும் கொதிக்கும்.

(திரையில்: ஆயில் பிரஷர் மீட்டர்.)

முதல் ஸ்டார்ட். இன்ஜெக்டர் ஃபியூஸையும் காயில் ஃபியூஸையும் பிடுங்கிவிட்டு, பிரஷர் மீட்டர் ஏறும் வரை விட்டுவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். ஏறவில்லையென்றால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், அந்த ஓ-ரிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறியபின் ஃபியூஸ் போட்டு சாவியைத் திருப்புங்கள், பம்ப் இரண்டு விநாடி ஓடி நிற்கும், அது சரிதான், செல்ஃப் அடித்தால் மறுபடி ஓடும். அந்த இரண்டு விநாடியில் லைன் முழுவதையும் டார்ச் அடித்துக் கசிவு பாருங்கள், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

ஓட்டிச் சூடானதும் எஞ்சின் ஓடும்போதே கியர்பாக்ஸ் ஆயில் மட்டம் பாருங்கள், ஹெட்டர் போல்ட்டுகளை ஆறிய பிறகு மறுபடி இறுக்குங்கள். அப்புறம் ஸ்கேனரைச் செருகி ஃபியூவல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிற அல்லது குறைக்கிற சதவீதம்) இரண்டு பக்கமும் என்ன காட்டுகிறது என்று படியுங்கள். கூட்டியோ குறைத்தோ 5 சதவீதத்துக்குள் நின்றால் டியூனைத் தொட வேண்டாம். இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறினால் காற்றளவு சென்சாரைச் சந்தேகப்படுங்கள், பிக்கப்பில் அது நேரான அகலக் குழாயில் இருந்தது, இங்கே நீங்கள் ஒரு வளைவை ஒட்டி மாட்டியிருப்பீர்கள். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் அந்தப் பக்க ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் ஜாயின்ட் கசிகிறதா என்று முதலில் பாருங்கள்.