யோபுவுக்குப் பதில் கிடைத்ததா?

வணக்கம் நண்பர்களே. "நான் ஏன் பிறந்தேன், இந்த வாழ்க்கைக்கு என்னதான் பொருள்?" என்ற கேள்விக்குக் கிறிஸ்தவ விசுவாசம் ஆயத்தமான ஒரு விடையை வைத்திருக்கிறது என்று விசுவாசிகளும், விசுவாசம் இல்லாதவர்களும் ஒருசேர எண்ணிக்கொள்கிறார்கள். வேதாகமத்தை நிதானமாக வாசிக்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள யோபுவின் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, உடலெங்கும் புண்களோடு சாம்பலில் உட்கார்ந்து, ஓட்டுத் துண்டால் தம்மைச் சுரண்டிக்கொண்டிருக்கும் அந்த மனிதர், தாம் பிறந்த நாளையே சபிக்கிறார். பார்க்க வந்த மூன்று நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கேட்டால், அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகு அவர்களிடமிருந்து வந்ததெல்லாம் விளக்கம்: நீ பாவம் செய்திருப்பாய், ஆகையால் இதை அனுபவிக்கிறாய். துக்க வீட்டில் "எல்லாம் தேவ சித்தம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களுக்கு இவர்களே முன்னோடிகள்.

38-ஆம் அதிகாரத்தில் பெருங்காற்றிலிருந்து கர்த்தர் பேசுகிறார். யோபு கேட்ட "ஏன்?" என்பதற்கு அவர் விடை சொல்லவில்லை, மாறாக, கேள்விமேல் கேள்வியாகக் கேட்கிறார். பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய், வரையாடு ஈனும் காலம் உனக்குத் தெரியுமா, மனிதர் குடியில்லாத வனாந்தரத்தில் மழையைப் பெய்யச் செய்கிறவர் யார்? அந்த மழையைப் பற்றிய கேள்விதான் என்னை நிறுத்தி வைக்கிறது. நம் வாழ்வின் பொருளைத் தேடும் நாம், உலகம் முழுவதும் நமக்காகவே நடப்பதாக எண்ணிக்கொண்டு தேடுகிறோம்; யாரும் பார்க்காத இடத்திலும் மழை பெய்கிறது. ஆனால் கேள்வி கேட்டதற்காக யோபு தண்டிக்கப்படவில்லை. 42-ஆம் அதிகாரத்தில் கர்த்தருடைய கோபம் விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல்தான் மூளுகிறது.

மதம் என்பது மனிதனின் ஆசைகள் உருவாக்கிய மாயை என்று உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்டு 1927-இல் எழுதினார். அந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எனினும், ஆறுதலுக்காகவே புனையப்பட்ட மதம் தன் வேதத்தில் யோபுவை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று இயேசு சிலுவையில் கதறிய குரலைச் சுவிசேஷம் எழுதிய மாற்கு ஏன் பதிவுசெய்ய வேண்டும்? இது தேவன் இருக்கிறார் என்பதற்கு நிரூபணம் ஆகாது. மலிவான ஆறுதல் இது இல்லை என்று மட்டும் காட்டுகிறது.

இட்லரை எதிர்த்ததற்காக 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்ட ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், அதற்கு முந்தைய ஆண்டு சிறையில் "நான் யார்?" என்றொரு கவிதை எழுதினார். பிறர் கண்ணுக்கு அமைதியானவராகத் தெரியும் தாம் உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருப்பதை அதில் மறைக்காமல் சொல்லி, இவ்விரண்டில் எது உண்மையான நான் என்பதைத் தீர்க்காமலே, நான் யாராயினும் உம்முடையவன் என்று தேவனிடம் முடிக்கிறார்.

யோபுவை வாசிக்க விரும்புகிறவர்கள் முதல் இரண்டு அதிகாரங்களிலிருந்து கடைசி அதிகாரத்துக்குத் தாவிவிட வேண்டாம். அப்படி வாசித்தால், இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்த கதையாக மட்டுமே அது மிஞ்சும். நடுவிலுள்ள 39 அதிகாரங்களையும் பொறுமையாக வாசியுங்கள். அந்த நண்பர்களின் பேச்சு எவ்வளவு பக்தியாக ஒலிக்கிறது என்பதையும் கவனியுங்கள்.